ஃபெடரல் என்ற சொல் தலைகீழாக நின்ற இரண்டு நாட்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூவரும் போன வாரம் வீட்டுக்கு வந்தபோது என்னிடம் சொற்பட்டியல் கேட்டீர்கள். அரசியல் சட்டம், நீதிமன்றம், தேர்தல் என்று மேடைகளில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு நான் பர்மியத்தில் என்ன சொல்லிவந்தேன் என்று தெரிந்தால் வேலை சுலபமாகும் என்றீர்கள். என் பழைய நோட்டைத் தருகிறேன். அதில் ஒரு சொல்லுக்கு எதிரே மட்டும் இடம் காலியாக இருக்கும். எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்து நீங்களாக நிரப்பிவிடாதீர்கள். அந்த இடம் ஏன் காலி என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தமிழ் காதில் விழுந்தால் புரியும், பேசப்போனால் பர்மியம்தான் முந்திக்கொண்டு வரும் என்று தெரியும். மெதுவாகப் படியுங்கள். புரியாத இடத்தில் போன் செய்யுங்கள். கரண்ட் இருந்து, போனில் சார்ஜும் இருந்தால் எடுப்பேன்.

நம் வேலையில் ஒரு மயக்கம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேசுகிறவர் 'நான்' என்றால் நாமும் 'நான்' என்கிறோம். 'நான் பிறந்த ஊரில் ஆறு மாதம் பனி கொட்டும்' என்று அவர் சொன்னால், எங்கள் நகரத்தின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதை ஓரம் பிறந்து, பனியைக் கண்ணால் பார்க்காத நானும் அதையே சொல்வேன். அரை மணி நேரம் போனதும் அந்தப் பனி எனக்கும் குளிர ஆரம்பிக்கும். வார்த்தைகள் ஒரு காது வழியாக வந்து வாய் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். நடுவில் இருக்கும் ஆள் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பாள். மதிய வேளைகளில், மின்விசிறிச் சத்தத்தில், நான் தூங்குகிறேனா பேசுகிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்ததுண்டு. பேசிக்கொண்டுதான் இருப்பேன். ஒரு வார்த்தையும் விடுபட்டிருக்காது.

அந்த மயக்கம் இனிமையானது. ஆபத்தானதும்கூட.

நான் சொல்லப்போவது நடந்தது, நாடு கொஞ்சம் கதவு திறந்திருந்த வருடங்களில். வெளிநாட்டிலிருந்து பேராசிரியர்கள் வந்து பாடம் நடத்திப் போவார்கள். அப்படித்தான் அமெரிக்காவிலிருந்து ஒரு பேராசிரியை வந்தார். பள்ளி ஆசிரியர்கள் முப்பது பேருக்கு ஒரு வாரப் பாடம். அமெரிக்க அரசியல் சட்டம் எப்படி உருவானது, நடுவில் இருக்கும் அரசுக்கு எவ்வளவு அதிகாரம், மக்களுக்கும் மாநிலங்களுக்கும் எவ்வளவு சுதந்திரம் என்ற இழுபறி எப்படி நடந்தது என்பதுதான் பாடம். இடம் நகரத்தின் அலோன் பகுதியில், ஆற்றைப் பார்த்த பழைய கிடங்கு ஒன்றின் மாடி. நீளமான கூடம். ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை. மூன்று மணிக்குமேல் ஆற்றுத் தண்ணீரின் வெளிச்சம் கூரையில் வந்து ஆடும். அந்த வெளிச்சத்தின் கீழே உட்கார்ந்து இருநூறு வருடத்துக்கு முந்தைய மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால், அவர்கள் கீழே துறையில் வந்து இறங்கப்போகிறார்கள் போல இருக்கும்.

அந்த வேலையில் என்னோடு இன்னொருவர் இருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அலோன் துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம் அவருடையது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகினேன். தன் பெயர் எந்த அழைப்பிதழிலும் வரக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர், அதனால் இங்கேயும் எழுதவில்லை. நான் அண்ணே என்பேன். அவர் ஒரு விதி வைத்திருந்தார். மொழிபெயர்ப்பாளர் கூடத்தில் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. கண்ணாடி ஜன்னல் மாதிரி இருக்க வேண்டும். ஜன்னலில் கீறல் விழுந்தால்தான் ஜன்னல் என்று ஒன்று இருப்பதே தெரியும் என்பார். இருபது வருடம் நான் அந்த விதிப்படிதான் நடந்தேன்.

முதல் மூன்று நாள் நன்றாகப் போனது. இங்கிலாந்து மன்னரிடமிருந்து பிரிந்த பதின்மூன்று மாநிலங்கள், மறுபடி ஒரு மன்னர் வந்துவிடுவாரோ என்ற பயத்தில், நடுவில் ஓர் அரசை ஒப்புக்கு வைத்துக்கொண்ட கதை. அந்த நடுவண் அரசால் வரி வாங்க முடியாது. அதற்குத் தலைவர் இல்லை, நீதிமன்றம் இல்லை. விதியில் ஓர் எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் பதின்மூன்று மாநிலமும் சம்மதிக்க வேண்டும். கொஞ்ச வருடத்திலேயே எல்லாம் கட்டவிழத் தொடங்கியதும், சிலர் கூடி வலுவான நடுவண் அரசுக்கு ஒரு புதிய சட்டம் எழுதுகிறார்கள். அதை ஏற்பதா மறுப்பதா என்று நாடு முழுவதும் சண்டை. ஆசிரியர்கள் கதை கேட்பது போலக் கேட்டார்கள்.

வியாழக்கிழமை மாலை, வகுப்பு முடிகிற நேரத்தில், பேராசிரியை பலகையில் இரண்டு பெயர்களை எழுதினார். புதிய சட்டத்தை ஆதரித்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஃபெடரலிஸ்ட் என்று பெயர். எதிர்த்தவர்களுக்கு ஆன்டி-ஃபெடரலிஸ்ட். சுவரில் இரண்டு தாள்களை ஒட்டி, ஒவ்வொருவரும் தங்கள் மனம் சாயும் பக்கத்தில் கையெழுத்திடச் சொன்னார். நாளை அந்தந்தப் பக்கத்தின் வாதங்களைப் படிக்கத் தருவதாகவும், சனிக்கிழமை காலை எல்லோரும் அந்தக் காலத்து மன்றத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு வாதாடி வாக்களிக்கலாம் என்றும் சொன்னார்.

அண்ணனும் நானும் மாறி மாறி மொழிபெயர்ப்போம், அப்போது என் முறை. நான் 'ஃபெடரல்காரர்கள்', 'ஃபெடரல் எதிர்ப்பாளர்கள்' என்று சொன்னேன். தாளின் தலைப்பிலும் பர்மிய எழுத்தில் அப்படியே எழுதினேன். பர்மியத்திலும் அந்தச் சொல் ஃபெடரல் என்றுதான் வழங்குகிறது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. கூரையில் வெளிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. நல்ல வேலை செய்தேன் என்ற நினைப்போடு பஸ் ஏறினேன்.

மறுநாள் ஆசிரியர்கள் இரண்டு அறைகளில் உட்கார்ந்து படித்தார்கள். நான் இந்த அறைக்கும் அந்த அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. சிலர் நெற்றியைச் சுருக்கினார்கள், சிலர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடினமான பாடம், அதனால்தான் என்று நினைத்தேன். ஆனா-டே என்று நம் ஊரில் ஒன்று இருக்கிறதே, அடுத்தவரைச் சங்கடப்படுத்தக் கூடாதே என்று வாயை மூடிக்கொள்ளும் அந்தக் கூச்சம், அது ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சயாமா, நாம் மரியாதையாக அப்படி அழைக்கும் ஓர் ஆசிரியை, கொடுத்த தாளைத் தவறு என்று யார் சொல்வார்கள்.

சொன்னது ஒரே ஒருவர். மாய் சியாங். மேற்கே சின் மலையிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் வந்திருந்த ஆசிரியை. முப்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர். சனிக்கிழமை காலை, வாதம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது என் மேசைக்கு வந்தார். இரண்டு கையாலும் தாளை நீட்டினார்.

"சயாமா, தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு பக்கத்துத் தாளும் மாறிப்போச்சுன்னு நெனைக்கிறேன். நான் ஃபெடரல் பக்கம் கையெழுத்துப் போட்டேன். இதுல நடுவுல பெரிய அரசு வேணும்னு இருக்கு. ஃபெடரல்காரங்க எப்படி அதைக் கேப்பாங்க?"

தாள் மாறவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஒரு நொடியில் இரண்டு நாளும் எனக்குத் தலைகீழாகத் திரும்பின.

நீங்கள் இந்த மண்ணில் வளர்ந்தவர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் அந்தச் சொல் மாநிலங்களை நடுவில் ஒன்றாகக் கட்டும் பக்கத்தைக் குறித்தது. இங்கே பல பத்து வருடங்களாக ஃபெடரல் என்றால் மலைநாட்டு மக்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்வது என்று அர்த்தம். கேட்பவருக்குப் பிடிக்காவிட்டால் நாட்டை உடைப்பது என்று அர்த்தம். நான் சொன்ன சொல் சரி. அது என் வாயிலிருந்து அவர்கள் காதுக்குப் போகிற அந்த நாலு அடி தூரத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பிவிட்டது. மாநிலங்களின் உரிமைக்காகக் கையெழுத்திட்டவர்கள் நடுவண் அரசுக்காக வாதாட உட்கார்ந்திருந்தார்கள். நாடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று கையெழுத்திட்டவர்கள் நடுவண் அரசை எதிர்த்து வாதாட உட்கார்ந்திருந்தார்கள்.

எதிர்ப் பக்கத்தின் முதல் வரிசையில் ஊ மியா இருந்தார். தன்லியினில் ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியர். ஐம்பத்தைந்து வயது. தினமும் பாகோ ஆற்றுப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்துபோனார். சட்டைக் காலர் பொத்தானைக்கூடத் திறந்துவிடாதவர். மேலிருந்து வரும் உத்தரவைக் காலையில் நின்று வாசித்து அன்றைக்கே நிறைவேற்றுகிற மனிதர் என்று தன்னைப் பற்றிச் சொல்லியிருந்தார். 'ஃபெடரல் எதிர்ப்பாளர்கள்' தாளில் முதல் கையெழுத்து அவருடையது.

அண்ணனிடம் போய்த் தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். முகம் மாறவில்லை.

"தாளோட தலைப்பை மட்டும் கிழிச்சு ஒட்டிரலாம் தங்கச்சி. இனிமே நடுவரசுக்காரங்க, மாநிலத்துக்காரங்கன்னு சொல்லு. பத்து நிமிஷத்துல தானா சரியாயிரும். எவனுக்கும் தெரியாது."

"அவங்க ரெண்டு நாளா தப்பான பக்கத்துல உக்காந்திருக்காங்களே அண்ணே."

"நடிப்புதானே. எந்தப் பக்கமா இருந்தா என்ன. நீ வாயைத் திறந்தா, இந்த ஒரு வாரத்துல சொன்னதெல்லாம் சந்தேகமாயிரும். அந்த அம்மா சொன்னதும் சேர்ந்து போயிரும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் மேல் ஒருமுறை சந்தேகம் வந்தால் அந்த அறையில் பிறகு எந்த வார்த்தைக்கும் எடை இல்லை. என் வாழ்க்கையில் எல்லா நெருக்கடியிலும் அவர் சொன்னபடிதான் கேட்டிருக்கிறேன், ஒருமுறையும் கெட்டுப்போனதில்லை. ஆனால் மாய் சியாங் இன்னும் என் மேசை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நடிப்பாகவே இருந்தாலும், எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்து நிற்பது அவர்களுடைய உரிமை. அதை அவர்களுக்குத் தெரியாமல் நான் எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது முறையும் தெரியாமல் எடுப்பது எனக்கு முடியவில்லை.

பேராசிரியை வந்து மேடையில் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மைக்கை எடுத்து, பர்மியத்தில் சொன்னேன். "நான் ஒரு தவறு செய்துவிட்டேன்."

முப்பது பேரும் பேராசிரியையைப் பார்த்தார்கள். பரிவோடு பார்த்தார்கள். அவர் தவறு செய்துவிட்டதாக நினைத்தார்கள். ஒரு வாரமாக என் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு 'நானும்' அவருடையதுதானே. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, வழக்கம்போலப் புன்னகை செய்தார். ஊ மியா எழுந்து, பரவாயில்லை சயாமா என்று அவரைப் பார்த்துக் குனிந்தார்.

கனவில் கத்துவோமே, சத்தம் வராதே, அப்படி இருந்தது. மைக்கை வைத்துவிட்டு எழுந்தேன். மேடையை விட்டு இறங்கி, கூடத்தின் நடுவே, இரண்டு பக்கத்து நாற்காலிகளுக்கும் இடையில் போய் நின்றேன். இருபது வருடத்தில் எந்தக் கூடத்திலும் அப்படி நின்றதில்லை. என் பெயரைச் சொன்னால்தான் புரியும் என்று தோன்றியது. அடையாள அட்டையில் இருக்கும் பர்மியப் பெயர் வரவில்லை. வீட்டில் அம்மா கூப்பிடும் பெயர்தான் வந்தது. "நான் செல்வி. மொழிபெயர்ப்பாளர். தவறு என்னுடையது. பேராசிரியை சரியாகச் சொன்னார்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். அதையே திரும்பி ஆங்கிலத்தில் பேராசிரியையிடமும் சொன்னேன். கீழே ஒரு படகு இன்ஜின் தட்டித் தட்டிக் கிளம்பிப் போனது. அண்ணன் தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எத்தனை நாளாக என்று பேராசிரியை கேட்டார். இரண்டு நாள் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பலகையில் இருந்த இரண்டு பெயர்களையும் பார்த்தார். பிறகு என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுப் பேசினார். அவர் சொன்னது இதுதான். அந்தக் காலத்திலும் இந்தச் சொல்லுக்குத் தனித்தனி அரசுகள் சேர்ந்து செய்துகொள்ளும் உடன்பாடு என்றுதான் அர்த்தம் இருந்தது. வலுவான நடுவண் அரசு கேட்டவர்கள் முந்திக்கொண்டு அந்தப் பெயரைத் தங்களுக்குச் சூட்டிக்கொண்டார்கள். உண்மையில் அந்தப் பெயருக்கு உரியவர்கள் நாங்கள்தான், எங்கள் பெயரை எடுத்துக்கொண்டு எங்களை வெறும் எதிர்ப்பாளர் ஆக்கிவிட்டார்கள் என்று மறுபக்கம் புலம்பியது. "நீங்கள் அந்தச் சொல்லை அவர்களைப் போலவே கேட்டிருக்கிறீர்கள்" என்றார். என் மேல் கோபம் இருந்ததா என்று இன்றுவரை தெரியாது. வேண்டியவர்கள் பக்கம் மாறிக்கொள்ளலாம் என்று மட்டும் சொன்னார்.

நாற்காலிகள் நகர்ந்தன. பாதிப் பேருக்கு மேல் எழுந்து மாறினார்கள். மாய் சியாங் தாளை மடித்தார், விரித்தார், உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். ஊ மியாவும் எழவில்லை. தன் பக்கத்துக்கு வரச் சொல்லி ஒருவர் கூப்பிட்டதற்கு, ரெண்டு நாளாகப் படித்துவிட்டேன், பேசிவிட்டே வருகிறேன் என்றார்.

முதலில் பேசியதும் அவர்தான். நடுவண் அரசை எதிர்த்துத் தாளில் இருந்த வாதங்களை வரிசையாகச் சொன்னார். ஆளும் இடம் தூரத்தில் இருந்தால் ஆளப்படுகிறவன் முகம் தெரியாது. அந்தச் சட்டத்தில் மக்களின் உரிமைகள் என்று ஒரு பட்டியல் இல்லை. எழுதாத உரிமையை எப்படிக் கேட்பது. ஆசிரியர் பாடம் ஒப்பிப்பது போலத்தான் இருந்தது. திடீரென்று தாளைக் கீழே வைத்தார்.

"எங்க பள்ளியில ஒரு வருஷம் பரீட்சை அன்னைக்கு வெள்ளம். நாடு முழுக்க ஒரே நாள், ஒரே மணிக்குத் தொடங்கணும்னு உத்தரவு. உத்தரவை எழுதினவருக்குத் தன்லியின்ல வெள்ளம்னு தெரியாது. எனக்குத் தெரியும். கண்ணால பாத்துக்கிட்டு நின்னேன். ஆனாலும் ஒன்பது மணிக்கு மணி அடிச்சேன். தண்ணியைத் தாண்டி வர முடியாத பிள்ளைங்க எல்லாரையும் வரலைன்னு எழுதினேன்."

வராதவர்களில் ஒருத்தி அந்தப் பள்ளியிலேயே நன்றாகப் படித்தவள் என்றார். அவள் பிறகு பள்ளிக்குத் திரும்பவில்லை. இப்போது தையல் தொழிற்சாலைக்குப் போகிறாள். காலையில் பஸ் நிறுத்தத்தில் பார்க்கிறாராம்.

"பாத்தா இன்னும் கும்பிடுறா. அதுதான் எனக்குத் தாங்கல. உத்தரவு தப்புன்னு சொல்ல எனக்கு எந்தத் தாள்லயும் ஒரு வரி இல்ல. இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னும் தெரியல. ஆனா இருந்திருக்கணும்."

அவர் உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். அதை நான் பேராசிரியைக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'நான் மணி அடித்தேன்' என்று என் வாயால் சொன்னபோது அந்த மணியின் கயிறு என் கையில் இருந்தது.

அடுத்து மாய் சியாங் எழுந்தார். நடுவண் அரசின் பக்கம். அவர் தாளைப் பார்க்கவேயில்லை.

தன் அப்பா இறந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள் என்றார். அவர் ஊர் வழக்கப்படி வீடும் நிலமும் அப்பாவின் தம்பிக்குப் போயின. அம்மாவும் மூன்று பெண்களும் வெளியே வந்தார்கள். அம்மா மலை இறங்கி நகரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டார். உங்கள் ஊர், உங்கள் வழக்கம், உங்கள் பெரியவர்கள், நாங்கள் தலையிடுவதில்லை என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டப்போ எங்க மலைக்குச் சுதந்திரம் வேணும்னு நெனைச்சுத்தான் போட்டேன். இப்பவும் வேணும். ஆனா இந்தத் தாளைப் படிச்சப்போ அம்மா ஞாபகம் வந்தது. எங்க ஊருக்குச் சுதந்திரம் இருந்தது. எங்க அம்மாவுக்கு இல்ல. மேல போய்க் கேக்க ஓர் இடம் வேணும்."

பிறகு பேராசிரியையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். ஊ மியா சொன்னாரே, உரிமைப் பட்டியல், அதைப் பிறகு சேர்த்தார்களா. சேர்த்தார்கள் என்றார் பேராசிரியை. சேர்ப்போம் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் சில மாநிலங்கள் சம்மதித்தன. அந்தப் பட்டியல் ஊர்ப் பெரியவர்களின் கையையும் கட்டுமா என்று மாய் சியாங் கேட்டார்.

ஆரம்பத்தில் கட்டவில்லை என்றார் பேராசிரியை. நடுவண் அரசின் கையை மட்டும்தான் கட்டியது. ஒரு மாநிலம் தன் மக்களை அடிமையாக வைத்திருந்தாலும் அந்தப் பட்டியலால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்கு ஒரு பெரிய போர் நடந்து, இன்னொரு திருத்தம் வந்து, அதற்குப் பிறகும் நூறு வருடம் இழுத்தது. எழுபது எண்பது வருடம் கழித்து என் நாடு கேட்ட கேள்வியை நீங்கள் முதல் நாளே கேட்கிறீர்கள் என்றார்.

வாக்கெடுப்புக்கு முன் மாய் சியாங் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். உரிமைப் பட்டியல் நடுவண் அரசையும் கட்ட வேண்டும், மாநிலத்தையும் ஊரையும் கட்ட வேண்டும். அன்றைய வரலாற்றில் அப்படி ஒரு வரி இல்லையே என்று பேராசிரியை தயங்கினார். மன்றத்தில் ஒரு தீர்மானம் வர, வழிமொழிய இன்னொருவர் வேண்டும். யாரும் எழவில்லை. மலையிலிருந்து வந்த மற்ற இரண்டு பேரும் தலைகுனிந்திருந்தார்கள். ஊர் விஷயத்தைப் பொதுவில் பேசிவிட்டாரே என்ற வருத்தம் அவர்கள் முகத்தில் தெரிந்தது.

ஊ மியா எழுந்தார். காலர் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவங்க வரலாற்றுல இல்லைன்னா இல்லாமப் போகட்டும் சயாமா. இது எங்க மன்றம். நான் வழிமொழியிறேன்."

அந்த வரி சேர்ந்தது. வரியோடு சேர்த்துச் சட்டம் ஏற்கப்பட்டது. எதிர்த்து ஏழு கைகள் உயர்ந்தன. அந்த ஏழு பேரின் பெயரையும் பலகையில் எழுதச் சொன்னார் பேராசிரியை, தோற்றவர்களின் பெயரும் பதிவில் இருக்க வேண்டும் என்று.

மதியம் அண்ணனும் நானும் துறை ஓரத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தோம். ஆறு அசையாமல் கிடப்பது போல இருந்தது. தமிழில் இதற்குக் கூட்டாட்சி என்று சொல்கிறார்கள், அதில் கூட்டும் இருக்கிறது, ஆட்சியும் இருக்கிறது, தலைகீழாக விழ வாய்ப்பில்லை என்று நான்தான் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர் சொன்னார், "நான் உன் இடத்துல இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்." கொஞ்சம் கழித்து, "ஆனா அந்த மனுஷன் மணியடிச்ச கதை வெளிய வந்திருக்காது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அடுத்த வேலைக்கும் என்னைத்தான் கூப்பிட்டார்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது, எப்போதும் எழுந்து நின்று பேசுங்கள் என்பதல்ல. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை அண்ணன் சொன்னதுதான் சரி, ஜன்னலாக இருங்கள். மிச்சமிருக்கும் அந்த ஒரு முறையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். என் தவறால் எனக்கு மட்டும் வெட்கம் என்றால் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வேன். என் தவறால் இன்னொருவர் தனக்குத் தெரியாமலே ஓர் இடத்தில் நிற்கிறார் என்றால் சொல்லிவிடுவேன். இந்த அளவுகோல் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஃபெடரல் என்ற சொல்லுக்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டதும் அதனால்தான். ஒவ்வொரு கூடத்திலும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு, அது அவர்கள் காதில் என்னவாக விழும் என்று யோசித்துவிட்டு, வேண்டுமானால் நாலு வார்த்தையில் விளக்கியே சொல்லுங்கள். பேசுகிறவர் காத்திருப்பார்.

ஊ மியா ஓய்வு பெற்றுவிட்டார். மாய் சியாங் தன் மலைக்குத் திரும்பி இப்போது ஒரு சிறிய பள்ளியை நடத்துகிறார். அங்கே போன் எப்போதாவதுதான் கிடைக்கும். கிடைக்கிற நாளில் குரல் செய்திகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழும். பள்ளிக் காரியங்களைத் தீர்மானிக்கப் பெற்றோரிலிருந்து ஒரு சபை அமைத்திருப்பதாகவும், தலைமை ஆசிரியையின் முடிவையும் மாற்றலாம் என்று முதல் விதியைத் தானே எழுதியதாகவும் முன்பே சொல்லியிருந்தார். போன மாதம் வந்த செய்தியில் குரலுக்குப் பின்னால் காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. பள்ளி தொடங்கும் நேரத்தை மாற்ற அவர் ஆசைப்பட்டிருக்கிறார். சபை கூடியிருக்கிறது. அவருடைய அம்மாவும் அந்தச் சபையில் ஓர் உறுப்பினர்.

"ரெண்டு கை வித்தியாசத்துல தோத்துட்டேன் சயாமா. எங்க அம்மாவும் எனக்கு எதிராத்தான் கை தூக்கினாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு மணி நேரம் யார்கிட்டயும் பேசல. அப்புறம் போய்ப் பழைய நேரத்தையே பலகையில எழுதிட்டு வந்தேன். என் கையைக் கட்டச் சொல்லி நான்தானே கயித்தைக் கொடுத்தேன். நல்லாத்தான் கட்டியிருக்காங்க."